கிரேக்க வரலாற்றின் திருப்புமுனைகளும் தென்கடலும்

பண்டைக் கிரேக்கரின் வரலாற்றில் திருப்புமுனைகள் என எண்ணப்படுவன பெரும்பாலும் போர்களும் அரச மாற்றங்களும் ஆகும். மரதன், சலாமிஸ், பெலப்பனீசியப் போர், அலெக்சாந்தரின் படையெடுப்பு, உரோமரின் வெற்றி என அந்த வரிசை பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டது. ஏஜியன் கடற்கரையில் நின்று பார்ப்போருக்கு அது பொருத்தமான வரிசையே. பாக்குநீரிணையின் கரையில், மாதோட்டத்திலோ பூநகரியிலோ கொற்கையிலோ நின்று பார்ப்போருக்கு அதே நிகழ்ச்சிகள் இன்னொரு பொருளையும் தருகின்றன. ஒவ்வொரு திருப்பமும் கிரேக்கரின் அறிவெல்லையைத் தெற்கு நோக்கி நகர்த்தியது. கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்க நூல்களில் இலங்கைத் தீவு இடம்பெறவே இல்லை. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது ஒரு கேள்விச் செய்தியாக வந்து சேர்ந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அதன் ஊர்களும் ஆறுகளும் கிரேக்க நிலப்படத்தில் பெயரோடு இடம்பெற்றன. இந்த நகர்வில் மன்னருக்கும் தளபதிகளுக்கும் இருந்த பங்குக்குச் சற்றும் குறையாத பங்கு, இந்தக் கடலின் காற்றையும் ஆழத்தையும் அறிந்திருந்த மாலுமிகளுக்கும் இருந்தது.

எழுத்தும் கடற்பயணமும்

கிரேக்க நிலத்தின் முதற் பெரும் நாகரிகம் மைசீனிய அரண்மனைகளைச் சுற்றி வளர்ந்தது. கி.மு. 1200ஐ ஒட்டி அந்த அரண்மனைகள் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன. அவற்றின் கணக்கர்கள் களிமண் பலகைகளில் எழுதிய எழுத்துமுறையும் அவற்றோடு மறைந்தது. பின்வந்த சில நூற்றாண்டுகள் கிரேக்கம் எழுத்தின்றி வாழ்ந்த காலம்.

கி.மு. 8ஆம் நூற்றாண்டில் முதல் திருப்பம் நேர்ந்தது. கிரேக்கர் பினீசிய வணிகரிடமிருந்து நெடுங்கணக்கைக் கற்று, அதில் இல்லாத உயிரொலிகளுக்கும் குறிகளை அமைத்துக்கொண்டனர். சில பத்து எழுத்துகளைக் கற்ற எவரும் எழுதலாம் என்ற நிலை உருவானதும் எழுத்து அரண்மனைக் கணக்கரின் தனியுடைமையாக இருந்த காலம் முடிந்தது. சட்டமும் பாடலும் கடற்பயணக் குறிப்பும் எழுத்தில் ஏறின.

அதே காலத்தில் நகர அரசுகள் எழுந்தன. விளைநிலம் குறைந்த அந்த நகரங்கள், கி.மு. 750 முதல் 550 வரையான இரு நூற்றாண்டுகளில் கருங்கடல் தொடக்கம் தெற்குப் பிரான்சின் மசாலியா வரையும், வட ஆபிரிக்காவின் சிரீன் வரையும் குடியேற்றங்களை அமைத்தன. எகிப்தின் நைல் கழிமுகத்தில் நவுக்ராற்றிஸ் என்ற கிரேக்க வணிக நகரம் அமைந்தது. கரையோரமாகச் செல்லும் மாலுமிக்கு உதவும் வகையில் துறைமுகங்களையும் தொலைவுகளையும் வரிசையாக எழுதிவைக்கும் வழக்கம் இப்பயணங்களிலிருந்து வளர்ந்தது. பல நூற்றாண்டுகளின் பின் தமிழகத் துறைகளைப் பதிவுசெய்த நூலும் இந்த மரபில் வந்ததே.

இதே ஆயிரமாண்டில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இரும்பும் கறுப்புச் சிவப்பு மட்பாண்டமும் பயன்படுத்திய மக்கள் பரவிக்கொண்டிருந்தனர். அநுராதபுரம், கந்தரோடை, ஆனைக்கோட்டை, பொம்பரிப்பு ஆகிய இடங்களில் கிடைத்த சான்றுகள் தமிழகத்துப் பெருங்கற்காலச் சான்றுகளுடன் நெருங்கிய ஒப்புமை கொண்டவை. பாக்குநீரிணையைக் கடப்பது இவர்களுக்கு அன்றாட வழக்கமாக இருந்தது என்பதை அந்த ஒப்புமை காட்டுகிறது. கிரேக்கர் இக்கடலுக்கு வருமுன்னரே இங்கே கடல்வழிகள் பழகியிருந்தன.

பாரசீகமும் நகர அரசுகளும்

கி.மு. 546ஐ ஒட்டிப் பாரசீகப் பேரரசர் சைரஸ் லிடியாவை வென்றபோது, சின்ன ஆசியாவின் கிரேக்க நகரங்கள் அவரது ஆட்சியின்கீழ் வந்தன. கி.மு. 499இல் அந்நகரங்கள் கிளர்ந்தெழுந்தன. கிளர்ச்சி அடக்கப்பட்ட பின்னர் பாரசீகம் கிரேக்கத்தின்மீதே படையெடுத்தது. கி.மு. 490இல் மரதனில் ஏதென்ஸின் காலாட்படையும், கி.மு. 480இல் சலாமிஸ் நீரிணையில் கிரேக்கக் கடற்படையும், அடுத்த ஆண்டில் பிளாற்றியாவில் கூட்டுப்படையும் வென்றன. கி.மு. 508–507இல் கிளீஸ்தினீஸின் சீர்திருத்தத்தால் ஏதென்ஸில் வேரூன்றிய மக்களாட்சி இந்த வெற்றிகளால் உயிர்பிழைத்தது. அங்கே அடுத்த ஐம்பது ஆண்டுகளில் நாடகமும் சிற்பமும் மெய்யியலும் செழித்தன.

போர்க்கதையில் பகைவனாக மட்டும் தோன்றும் பாரசீகத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அதன் மேற்கெல்லையில் கிரேக்க நகரங்களும் கிழக்கெல்லையில் சிந்து நதியும் இருந்தன. இரு நிலங்களும் ஒரே ஆட்சியின்கீழ் வந்தமையாலேயே கிரேக்கருக்கு இந்தியா பற்றிய முதல் நேரடிச் செய்தி கிடைத்தது. கரியந்தா என்ற ஊரைச் சேர்ந்த ஸ்கைலாக்ஸ், பேரரசர் முதலாம் டேரியஸின் ஆணைப்படி சிந்து நதி வழியே கடலை அடைந்து, முப்பது மாதப் பயணத்தில் எகிப்தின் எல்லைக்கு வந்தார் என ஹெரொடோட்டஸ் எழுதுகிறார். மரத்தில் விளையும் கம்பளி எனப் பருத்தியை வியந்த ஹெரொடோட்டஸின் இந்தியா, சிந்துவெளிக்கு அப்பால் பாலைவனத்தில் முடிந்துவிடுகிறது. தெற்கு பற்றி அவருக்குத் தெளிவான செய்தி எட்டவில்லை.

கி.மு. 431 முதல் 404 வரை ஏதென்ஸும் ஸ்பாட்டாவும் நடத்திய பெலப்பனீசியப் போர் வென்றவரையும் தோற்றவரையும் ஒருசேர நலிவித்தது. நகர அரசுகளின் ஒற்றுமையின்மையைப் பயன்படுத்திய மசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப், கி.மு. 338இல் கைரோனியாவில் அவற்றின் படைகளை முறியடித்தான். தன்னுரிமையுள்ள நகரங்களின் காலம் அத்துடன் மங்கியது.

அலெக்சாந்தரும் தப்ரபேன் என்ற செய்தியும்

பிலிப்பின் மகன் அலெக்சாந்தர் கி.மு. 334இல் ஆசியாவுக்குள் நுழைந்து, கி.மு. 331இல் கௌகமேலாவில் பாரசீகப் பேரரசை வீழ்த்தினான். அதே ஆண்டில் எகிப்தின் கரையில் அலெக்சாந்திரியா நிறுவப்பட்டது. கி.மு. 326இல் ஜீலம் நதிக்கரையில் இந்திய மன்னன் போரஸை வென்ற பின், பியாஸ் நதியில் படைவீரர் மேலே செல்ல மறுத்தனர். தளபதி நியார்க்கஸ் கடற்படையுடன் சிந்துவின் முகத்திலிருந்து பாரசீக வளைகுடாவுக்குச் சென்றான். கி.மு. 323இல் பாபிலோனில் அலெக்சாந்தர் இறந்தான்.

இப்படை தென்னிந்தியாவை நெருங்கவும் இல்லை. எனினும் இலங்கை கிரேக்க எழுத்தில் முதன்முதலாகத் தோன்றுவது இந்தப் படையெடுப்பின் வழியாகத்தான். அலெக்சாந்தரின் கப்பலைச் செலுத்திய ஒனெசிக்கிரிட்டஸ் ‘தப்ரபேன்’ என்ற தீவைக் குறித்து எழுதினார். அதன் அளவு ஸ்தாதியா என்ற கிரேக்க நீள அளவில் ஐயாயிரம் என்றும், நிலப்பரப்பிலிருந்து இருபது நாட் கடற்பயணத் தொலைவில் உள்ளது என்றும், அங்குள்ள யானைகள் இந்திய யானைகளைவிடப் பெரியவை, போருக்கு ஏற்றவை என்றும் அவர் கூறினார். இருபது நாள் என்ற கணக்கு சிந்துவெளியில் கேட்ட மாலுமிகளின் பேச்சாக இருக்கலாம். யானை பற்றிய குறிப்பு தற்செயலானதல்ல. போரஸின் யானைப்படையை எதிர்கொண்ட மசிடோனியருக்கு யானையே தலைமையான வினாவாக இருந்தது.

அலெக்சாந்தரின் தளபதிகள் பேரரசைப் பங்கிட்டுக்கொண்டனர். கிழக்கைப் பெற்ற செலூக்கஸ், சந்திரகுப்த மௌரியனுடன் உடன்பாடு செய்து, எல்லைப்புற நிலங்களைக் கொடுத்து ஐந்நூறு யானைகளைப் பெற்றான். அவனுடைய தூதரான மெகஸ்தனீஸ் மௌரிய அரசவையில் தங்கி எழுதிய ‘இண்டிகா’ முழுமையாகக் கிடைக்கவில்லை. பிற்கால ஆசிரியர் எடுத்தாண்ட பகுதிகளே எஞ்சியுள்ளன. பாண்டிய நாடு 365 ஊர்களைக் கொண்டது, நாளுக்கு ஓர் ஊர் அரச பண்டாரத்துக்குத் திறை செலுத்தியது, அந்நாட்டை ஹெரக்கிளீஸின் மகள் ஆண்டாள் என்ற செய்திகள் அவற்றில் உள்ளன. தப்ரபேனை ஓர் ஆறு இரண்டாகப் பிரிக்கிறது, அங்கு இந்தியாவைவிட மிகுதியாகப் பொன்னும் பெருமுத்துகளும் உண்டு என்றும் மெகஸ்தனீஸ் எழுதியதாக உரோம நூலாசிரியர் பிளினி தெரிவிக்கிறார். தெற்கின் முத்து கங்கைக் கரையின் அரசவையிலேயே பெயர்பெற்றிருந்ததை இக்குறிப்புகள் உணர்த்துகின்றன.

அலெக்சாந்தருக்குப் பிந்திய உலகம் எவ்வளவு விரிந்தது என்பதற்கு அசோகனின் 13ஆம் பாறைச் சாசனம் சிறந்த சான்று. கி.மு. 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த அது, அந்தியோக்கஸ், தொலமி, அந்திகோனஸ், மகஸ், அலெக்சாந்தர் ஆகிய ஐந்து கிரேக்க மன்னரையும், சோழர், பாண்டியர், தாம்பபர்ணி எனப்பட்ட இலங்கையின் மக்கள் ஆகியோரையும் அடுத்தடுத்து நிறுத்துகிறது. மத்தியதரைக் கடலின் கிரேக்க அரசுகளும் பாக்குநீரிணையின் இரு கரைகளும் ஒரே அரசியல் பார்வைக்குள் வந்த முதல் ஆவணம் இது. இலங்கையின் வரலாற்று நூலான மகாவம்சம் இதற்குப் பல நூற்றாண்டுகள் பின்னர் எழுதப்பட்டது. மன்னன் துட்டகாமினியின் மகாதூப விழாவுக்கு அலசந்த நகரிலிருந்து யோன (கிரேக்க) நாட்டுத் தேரர் மகாதம்மரக்கித தலைமையில் முப்பதினாயிரம் துறவியர் வந்ததாக அது கூறுகிறது. எண்ணிக்கை மிகைப்பட்டது. ஆயினும் வடமேற்கு இந்தியாவில் குடியேறிப் பௌத்தரான கிரேக்கரைப் பற்றிய நினைவு இலங்கையில் நிலைத்திருந்தமைக்கு இது சாட்சியாகும்.

அலெக்சாந்திரியாவும் பருவக்காற்றும்

எகிப்தை ஆண்ட தொலமி அரசரின் காலத்தில் அலெக்சாந்திரியா கிரேக்க அறிவின் தலைநகரானது. அங்கே நூலகத் தலைவராக இருந்த எரதொஸ்தனீஸ் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். தப்ரபேன் இந்தியாவின் தென்முனையிலிருந்து ஏழு நாட் பயணத் தொலைவில் உள்ளது, எண்ணாயிரம் ஸ்தாதியா நீளமுடையது என்பது அவர் கணிப்பு. எண்ணாயிரம் ஸ்தாதியா ஏறத்தாழ 1,480 கிலோமீற்றர் ஆகும். உண்மையில் இலங்கையின் நீளம் ஏறத்தாழ 435 கிலோமீற்றர். தொலைவு திருந்தியது, அளவு திருந்தவில்லை.

இரண்டாம் தொலமி செங்கடற் கரையில் துறைமுகங்களை அமைத்தான். ஆபிரிக்கப் போர் யானைகளை இறக்குவதற்காகக் கட்டப்பட்ட பெரனிகே பின்னர் தமிழகத்து மிளகு இறங்கும் துறையாக மாறியது. எனினும் நெடுங்காலம் கிரேக்கக் கப்பல்கள் ஏடன் வாயிலைத் தாண்டவில்லை. இந்தியப் பொருட்கள் அரேபிய, இந்திய வணிகரின் கைவழியாகவே செங்கடலுக்கு வந்தன.

இதை மாற்றிய நிகழ்ச்சியை மெய்யியலாளர் பொசிடோனியஸின் சொற்களாகக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்திராபோ பதிவுசெய்துள்ளார். எட்டாம் தொலமியின் ஆட்சியில், கி.மு. 118ஐ ஒட்டி, செங்கடற் கரையில் உடைந்த கப்பலொன்றில் குற்றுயிராகக் கிடந்த இந்தியர் ஒருவரைக் காவலர் அரசனிடம் கொண்டுவந்தனர். அவர் கிரேக்கம் கற்ற பின், இந்தியாவுக்கான வழியைத் தாமே காட்டுவதாக ஒப்புக்கொண்டார். சிசிக்கஸ் ஊரைச் சேர்ந்த யூடொக்சஸ் அவ்வழியே சென்று வாசனைப் பொருட்களோடும் மணிகளோடும் திரும்பினார். திறந்த கடலில் பருவக்காற்றைப் பயன்படுத்தும் வழியைக் கண்டறிந்தவர் என ஹிப்பலஸ் என்ற மாலுமியின் பெயரைக் கிரேக்க நூல்கள் கூறுகின்றன. வழிகாட்டிய இந்தியரின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை.

பருவக்காற்றின் பயன்பாடு எளிய அறிவன்று. யாழ்ப்பாணத்திலும் வன்னிக் கரையிலும் சோளகம் எனப்படும் தென்மேற்குக் காற்று கப்பலைக் கிழக்கே தள்ளும். மாரியின் வாடைக்காற்று அதை மேற்கே கொண்டுசெல்லும். சோளகம் முழுவேகத்தில் வீசும் நாட்களில் இந்தியாவின் மேற்குக் கரையை அணுகுவது ஆபத்தானது. ஆகவே எகிப்திலிருந்து யூலையில் புறப்பட்டு, காற்று தணியும் காலத்தில் கரைசேரும்படி நாட்கணக்கு வகுக்க வேண்டும். இக்கணக்கு இந்து சமுத்திர மாலுமிகளின் பல தலைமுறை அனுபவம். கிரேக்கர் அதைக் கற்றுக்கொண்டனர். கிரேக்க வரலாற்றின் திருப்புமுனைகளில் மரதனுக்கு இணையாக வைக்கத்தக்க இந்த நிகழ்ச்சி பாடநூல்களில் பெரும்பாலும் ஒரு வரிக்கு மேல் இடம்பெறுவதில்லை.

உரோம ஆட்சியும் கிரேக்க வணிகரும்

கி.மு. 146இல் உரோமர் கொரிந்து நகரை அழித்துக் கிரேக்கத்தைத் தம் ஆதிக்கத்துக்குள் கொண்டுவந்தனர். கி.மு. 31இல் அக்ரியம் கடற்போரில் எகிப்தின் தொலமி அரசி கிளியோபாத்ராவும் உரோமத் தளபதி அந்தோணியும் தோற்றனர். அடுத்த ஆண்டில் எகிப்து உரோம மாகாணமானது. கடைசிக் கிரேக்க அரசு இவ்வாறு மறைந்தது. ஆனால் கிழக்கு மத்தியதரைப் பகுதியில் வணிகமும் கல்வியும் கிரேக்க மொழியிலேயே தொடர்ந்தன. அரசியல் வீழ்ச்சிக்குப் பின்னரே கிரேக்க வணிகரின் தென்கடற் பயணம் உச்சத்தை அடைந்தது. தொலமியரின் காலத்தில் ஆண்டுக்கு இருபது கப்பல்கூடச் செங்கடல் வாயிலைத் தாண்டத் துணியவில்லை, இப்போது மயோஸ் ஹோர்மோஸ் துறையிலிருந்து 120 கப்பல்கள் இந்தியாவுக்குச் செல்கின்றன என அகஸ்டஸின் காலத்தில் ஸ்திராபோ எழுதினார்.

அப்பயணத்தின் ஒழுங்கைப் பிளினி விவரிக்கிறார். சரக்கு அலெக்சாந்திரியாவிலிருந்து நைல் வழியாகக் கொப்தஸ் வரை செல்லும். அங்கிருந்து ஒட்டகங்களில் பன்னிரண்டு நாளில் பெரனிகேயை அடையும். செங்கடலின் வாயிலிலிருந்து நாற்பது நாளில் கப்பல் முசிறிக்கு வரும். கி.பி. 1ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எகிப்தைச் சேர்ந்த கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய ‘எரித்திரையக் கடற்பயணக் கையேடு’ தமிழகத் துறைகளை வரிசைப்படுத்துகிறது. முசிறி, நெல்கிந்தா, குமரி, பாண்டியனின் முத்துக்குளிப்பு நடந்த கொற்கை, மெல்லிய துணிக்குப் பெயர்பெற்ற உறையூர், கிழக்குக் கரையின் கமரா, பொதுகே, சோபட்மா ஆகியவை அதில் உள்ளன. பொதுகே புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. மோர்ட்டிமர் வீலர் 1945இல் அங்கு நடத்திய அகழ்வாய்வு மத்தியதரைப் பகுதியின் சாடிகளையும் கலங்களையும் வெளிப்படுத்தியது.

வியன்னாவில் பாதுகாக்கப்படும் முசிறிப் பாப்பிரஸ் கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மொழி ஆவணம். கப்பற் கடனுக்கான உடன்பாடு ஒருபுறமும், ‘ஹெர்மபொலோன்’ என்ற கப்பல் ஏற்றிவந்த நறுமணத் தைலப் பூண்டு, யானைத்தந்தம் முதலியவற்றின் மதிப்பீடு மறுபுறமும் அதில் எழுதப்பட்டுள்ளன. மதிப்பு உரோம நாணயத்தில் ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்ற்றேர்ஸ். அத்தகைய சரக்குக்கு உரோம அரசு 25 வீத வரி விதித்தது. இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்ற்றேர்ஸை உறிஞ்சுகிறது எனப் பிளினி குறைப்பட்டுக்கொண்டதன் பின்னணி இதுவே.

போக்குவரத்து ஒருவழிப்பட்டதாக இருக்கவில்லை. யவனர் எனப்பட்ட கிரேக்க, உரோம மக்களின் கப்பல்களும் மதுவும் காவலரும் அகநானூறு, புறநானூறு, முல்லைப்பாட்டு ஆகியவற்றில் இடம்பெறுகின்றனர். மறுபுறம், எகிப்தின் பெரனிகேயிலும் குசேர் அல்-கதீமிலும் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஆட்பெயர்கள் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. கொற்றன், கண்ணன், சாத்தன் ஆகிய பெயர்கள் அவற்றில் வாசிக்கப்பட்டுள்ளன. 1994 தொடக்கம் பெரனிகேயில் நடந்த அகழ்வில் ஏழரைக் கிலோ மிளகு நிறைந்த இந்தியச் சாடியொன்று கோவில் முற்றத்தில் கண்டெடுக்கப்பட்டது. தமிழ் வணிகர் செங்கடற் கரைக்குச் சென்று தங்கினர் என்பதற்கு இவற்றைவிட உறுதியான சான்று வேண்டியதில்லை.

பாக்குநீரிணையின் ஆழமும் வடஇலங்கைத் துறைகளும்

இத்தனை நெருக்கமான தொடர்பிலும் இலங்கை தொலைவிலேயே இருந்தது. கடற்பயணக் கையேட்டின் ஆசிரியர் தமிழகத் துறைகளை நுணுக்கமாக அறிந்திருக்கிறார்; இலங்கைக்கு வந்ததும் முத்து, மணி, மெல்லாடை, ஆமையோடு என்ற சில சொற்களோடு நிறுத்தி, தீவு ஆபிரிக்காவுக்கு அருகே வரை நீள்வதாக எழுதிவிடுகிறார். இதற்கான காரணம் கடலின் இயல்பில் உள்ளது. இத்தீவுக்கும் இந்தியாவுக்கும் இடைப்பட்ட கடல் ஆழமற்றது, இடையிடையே ஆழமான கால்வாய்கள் உண்டு, குறுகிய வழியில் திரும்ப முடியாததால் அங்குள்ள கப்பல்களுக்கு இருமுனையிலும் அணியம் உண்டு என்று பிளினி எழுதுகிறார். கரையின் திசையறிய மாலுமிகள் பறவைகளைக் கொண்டுசென்று பறக்கவிடுவர் என்றும் அவர் கூறுகிறார். மணற்றிட்டுகளும் பாறைத்தொடரும் நிறைந்த இக்கடலில் எகிப்தின் பெருங்கப்பல்கள் நுழைய இயலவில்லை. இங்கே சரக்கைக் கொண்டுசென்றவை தமிழகத்தினதும் வடஇலங்கையினதும் கரையோரக் கலங்களே.

வடஇலங்கையின் பழைய துறைகளின் அமைப்பு இந்நிலைமைக்குப் பொருந்துகிறது. பரந்தன் சந்தியில் மேற்கே பிரியும் வீதி பூநகரிக்குச் செல்கிறது. அங்கிருந்து மன்னார் வீதி முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு எனக் கரையை ஒட்டித் தெற்கே இறங்கி மாந்தையை அணுகுகிறது. இந்தக் கரையோரம் முழுவதும் இராமேசுவரத்துக்கும் தொண்டிக்கும் எதிர்முகமாக உள்ளது. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் பூநகரிப் பகுதியில் மேற்கொண்டு 1993இல் நூலாக வெளியிட்ட தொல்லியல் ஆய்வு, மண்ணித்தலை முதலிய இடங்களில் பெருங்கற்கால மட்பாண்டங்களையும் பழைய குடியிருப்புகளின் தடயங்களையும் அடையாளப்படுத்தியது. வன்னியின் மேற்குக் கரை பிற்காலத்தில் குடியேறிய காட்டுப்புறம் என்ற எண்ணத்தை அந்த ஆய்வு மாற்றியது.

இக்கரையின் தலையாய துறை மாந்தை என்ற மாதோட்டம். அநுராதபுரத்திலிருந்து வரும் அருவியாறு இதற்குத் தெற்கே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. தலைநகரின் கடல்வாயிலாக மாந்தை விளங்கியதற்கு இந்த இட அமைப்பு உதவியது. ஜோன் கார்ஸ்வெல் 1980களின் தொடக்கத்தில் அங்கு நடத்திய அகழ்வாய்வு உள்நாட்டுப் போரால் தடைப்பட்டது. அதன் முழு அறிக்கை 2013இல்தான் வெளிவந்தது. அங்கு எடுத்த தாவர எச்சங்களில் அரிசியோடு மிளகு, கிராம்பு, கோதுமை, திராட்சை விதை ஆகியனவும் அடையாளம் காணப்பட்டுள்ளன. கோதுமையும் திராட்சையும் இந்த வெப்ப மண்ணில் இயல்பாக விளைவன அல்ல; மேற்கிலிருந்து கப்பலேறி வந்தவை.

இலங்கைக்கும் உரோமுக்கும் நேரடித் தொடர்பு தொடங்கிய கதையையும் பிளினியே தருகிறார். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளோக்காமஸின் விடுதலை பெற்ற அடிமை ஒருவர், அரேபியக் கரையில் காற்றில் அகப்பட்டுப் பதினைந்தாம் நாள் தப்ரபேனின் துறையொன்றை அடைந்தார். அவரிடமிருந்த நாணயங்கள் வெவ்வேறு முகங்கள் பொறித்திருந்தும் ஒரே எடையுடன் இருந்ததைக் கண்டு வியந்த மன்னன், ராக்கியாஸ் தலைமையில் நால்வரைத் தூதராகப் பேரரசர் கிளோடியஸிடம் அனுப்பினான். புளோக்காமஸ் கற்பனைப் பாத்திரம் அல்லர்: பெரனிகே வழியிலுள்ள வாடி மெனிஹ் பாறையில் அவருடைய அடிமையான லைசாஸ் கி.பி. 6இல் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் பொறித்த எழுத்து இன்றும் உள்ளது.

கி.பி. 150ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் அறிஞர் கிளோடியஸ் தொலமி எழுதிய ‘புவியியல்’ இந்த நீண்ட அறிமுகத்தின் உச்சம். அநுராதபுரத்தை அனுரோகிராம்மன் என்ற அரச நகராக அது குறிக்கிறது. மகாகிராமத்தைக் குறிப்பதாகக் கருதப்படும் மாகிராம்மன், வணிகத் துறைகளான மொதுத்து, தலகோரி, நாகதீப என்ற பெயர், பல ஆறுகள், முனைகள், மலைகள் ஆகியவை ஆயத்தொலைவுகளோடு வருகின்றன. மொதுத்து என்பது மாதோட்டமே என அறிஞர் பலர் கருதினும், தொலமியின் ஆயத்தொலைவு அதற்கு முழுமையாக ஒத்துவரவில்லை. நாகதீபம் வடபுலத்தின் பழைய பெயர். வல்லிபுரத்தில் கிடைத்த பொற்சாசனமும் அப்பெயரை ‘நகதிவ’ எனக் கூறுகிறது. அரிசி, தேன், இஞ்சி, மணிகள், பொன், வெள்ளி, யானை ஆகியவற்றைத் தீவின் விளைபொருட்களாகத் தொலமி தருகிறார். பெயர்களில் இத்தனை திருத்தம் கண்ட அவருடைய படம், தீவின் பரப்பை உண்மையைவிடப் பல மடங்கு பெருக்கிவிட்டது. கரையோர மாலுமிகள் ஊர்ப்பெயரைத் துல்லியமாகச் சொன்னார்கள். தொலைவை நாட்கணக்கில் சொன்னார்கள். காற்றுக்கு ஏற்ப மாறும் நாட்கணக்கை அலெக்சாந்திரியா அறிஞர் நிலையான நீளமாக மாற்றியபோது பிழை பெருகியது.

பண்டைக் கிரேக்க உலகின் முடிவு

கி.பி. 3ஆம் நூற்றாண்டில் உரோமப் பேரரசு உள்நாட்டுப் போராலும் நாணயச் சீரழிவாலும் தளர்ந்தது. எகிப்திலிருந்து முசிறிக்குச் சென்ற பெரும் வணிகம் சுருங்கியது. கி.பி. 330இல் கொன்ஸ்தாந்தினோப்பிள் புதிய தலைநகராகத் திறக்கப்பட்டதும் பேரரசின் மையம் மீண்டும் கிரேக்க மொழி பேசும் கிழக்குக்கு வந்தது. கிறிஸ்தவம் அரச மதமாகி, நூற்றாண்டின் இறுதியில் பழைய கோவில்களின் வழிபாடு தடைசெய்யப்பட்டது.

இந்த மாற்றத்தின் எதிரொலி இலங்கையின் மண்ணில் தெளிவாகப் பதிந்துள்ளது. தமிழகத்தில் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து வெள்ளி, பொன் நாணயங்கள் பெருந்தொகையாகக் கிடைக்கின்றன. இலங்கையில் அவை அரிது. இலங்கையில் மிகுதியாகக் கிடைப்பவை கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளின் சிறு செப்புக் காசுகளும் அவற்றைப் பார்த்து உள்நாட்டில் வார்க்கப்பட்ட போலிகளுமே. தமிழகத்தின் துறைகள் தளர்ந்த காலத்தில் இலங்கை வணிகத்தின் சந்தியாக எழுந்தது. கி.பி. 361–362இல் பேரரசர் யூலியனிடம் தூதர் அனுப்பிய நாடுகளுள் இத்தீவும் இருந்ததாக உரோம வரலாற்றாசிரியர் அம்மியானஸ் எழுதுகிறார்.

கி.பி. 6ஆம் நூற்றாண்டின் நடுவில் அலெக்சாந்திரியா வணிகரும் பின்னர் துறவியுமான கொஸ்மாஸ், ‘சியேலெதிப’ என்ற பெயரில் இத்தீவை விவரித்தார். இந்தியா, பாரசீகம், எத்தியோப்பியா ஆகிய நாடுகளின் கப்பல்கள் அங்கே கூடுவதாகவும், கிழக்கிலிருந்து பட்டும் கிராம்பும் சந்தனமும் வந்து மறுபடி ஏற்றப்படுவதாகவும் அவர் எழுதினார். பாரசீகக் கிறிஸ்தவரின் தேவாலயமொன்றும் அங்கிருந்தது. 1912இல் அநுராதபுரத்தில் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவை இதற்கு ஒத்துச் செல்கிறது. சோபாத்ரஸ் என்ற உரோம வணிகர் தம் பொற்காசைப் பாரசீகரின் வெள்ளிக்காசோடு ஒப்பிட்டுக் காட்டி மன்னனின் மதிப்பைப் பெற்றதாக ஒரு கதையும் கொஸ்மாஸின் நூலில் உண்டு. பிளினியின் நாணயக் கதையை அது வெகுவாக ஒத்திருக்கிறது. தம் நாணயமே உலகில் உயர்ந்தது என்ற தற்பெருமையின் வடிவமாக இரண்டையும் வாசிப்பது தகும். ஆயினும் பாரசீக வணிகர் அக்காலத்தில் உரோமரை முந்திவிட்டனர் என்ற உண்மையும் அக்கதையினுள் அடங்கியுள்ளது.

கி.பி. 529இல் பேரரசர் ஜஸ்டினியன் ஏதென்ஸின் மெய்யியற் பள்ளியை மூடினார். பிளேட்டோவின் காலம் தொட்டு அறுந்தும் தொடர்ந்தும் வந்த மரபு அத்துடன் முடிவுற்றது. பண்டைக் கிரேக்க வரலாற்றின் எல்லைக்கோடாக அந்த ஆண்டையே பலர் கொள்வர். தென்கடலின் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லை ஒரு நூற்றாண்டு தள்ளி அமைகிறது. கி.பி. 640களின் தொடக்கத்தில் அரபுப் படைகள் அலெக்சாந்திரியாவைக் கைப்பற்றின. எகிப்தின் கிரேக்க வணிகருக்கும் இந்து சமுத்திரத்துக்கும் இடையே ஏறத்தாழ எழுநூற்றைம்பது ஆண்டுகள் நீடித்த நேரடித் தொடர்பு அப்போதுதான் அறுந்தது. பருவக்காற்று வழி அரபு, பாரசீக மாலுமிகளின் கையில் தொடர்ந்தது. மாந்தை அவர்களோடும் சீனத்தோடும் வணிகம் நடத்தி, சோழராட்சிக் காலமான கி.பி. 11ஆம் நூற்றாண்டு வரை இத்தீவின் முதன்மையான துறையாக நிலைத்தது.